லேப்டாப்பில் லினக்ஸோடு விமானம் ஏறினால் அது ஏற்றுமதியா?

கடைசி_கமிட்:

அமெரிக்காவில் வேலை. அடுத்த மாதம் ஜெர்மனியில் ஒரு மாநாட்டுக்குப் போகிறேன். லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸ் வகை இருக்கிறது. வட்டு முழுக்கக் குறியாக்கம் செய்திருக்கிறேன். ஜிபிஜி, ஓபன்எஸ்எஸ்ஹெச் போன்ற குறியாக்கக் கருவிகளும் வழக்கம்போல உண்டு. நேற்று அலுவலகச் சட்டப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. குறியாக்க மென்பொருளை நாட்டுக்கு வெளியே எடுத்துப்போவது ஏற்றுமதியாம். அனுமதி வரும்வரை அதையெல்லாம் நீக்கிவிட வேண்டுமாம்.

நீக்கினால் லேப்டாப் பூட் கூட ஆகாது என்று பதில் போட்டேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் மென்பொருள் இது. ஜெர்மனியில் இறங்கியதும் அங்குள்ள நகல் தளத்திலிருந்து (மிரர்) இதே டெபியனை நானே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பையில் வைத்துக்கொண்டு போனால் மட்டும் குற்றமா? இதில் ஏதாவது உண்மை இருக்கிறதா, இல்லை பயமுறுத்துகிறார்களா?

எல்லையில்லான்:

பயமுறுத்தல்தான். கட்டற்ற மென்பொருளுக்கு எல்லை ஏது? நான் பல வருடமாக இதே மாதிரி லேப்டாப்போடு போய்வருகிறேன், ஒருவரும் கேட்டதில்லை. கண்டுகொள்ளாமல் கிளம்புங்கள்.

விதி734:

யாரும் கேட்கவில்லை என்பதும் சட்டம் இல்லை என்பதும் ஒன்றல்ல. எல்லையில்லான் சொல்வது முடிவில் கிட்டத்தட்ட சரி, ஆனால் காரணம் தப்பு. கடைசி_கமிட்டின் சட்டப் பிரிவு சொன்னதில் பாதி சரி.

சரியான பாதி இது. அமெரிக்க வணிகத்துறையின் கீழ் பி.ஐ.எஸ். என்ற அலுவலகம் இருக்கிறது. ஏற்றுமதி நிர்வாக விதிகள், சுருக்கமாக இ.ஏ.ஆர்., அதன் கையில். அந்த விதிகளின்படி கப்பலில் பெட்டி அனுப்புவது மட்டும் ஏற்றுமதி அல்ல. கையில் எடுத்துப்போவதும், மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான். அமெரிக்காவுக்குள்ளேயே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரருக்குக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மூலநிரலைக் காட்டினால் அதுவும் ஏற்றுமதியாகக் கருதப்படும். இதைக் கேட்டு முதலில் நம்பாதவர்களே அதிகம்.

அவர்கள் விட்ட பாதி: எடுத்துப்போகும் பொருள் முதலில் அந்த விதிகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வெளியிடப்பட்ட மென்பொருள் உட்பட்டதே அல்ல. 734.7 என்ற பிரிவு, கட்டுப்பாடு இல்லாமல் பொதுமக்களுக்குக் கிடைக்கும்படி இணையத்தில் வைத்தாலே அதை வெளியீடாக ஏற்கிறது. விலக்கு கேட்டு விண்ணப்பிக்கத் தேவையில்லை, ஏனென்றால் அங்கே விதியே நுழையவில்லை.

குறியாக்கம் மட்டும் இதில் தனிக்கதை. அது 5டி002 என்ற வகையில் வருகிறது. வெளியிடப்பட்டிருந்தாலும் 742.15 சொல்வதைச் செய்திருந்தால்தான் விதிகளிலிருந்து விடுபடும். முன்பெல்லாம் பி.ஐ.எஸ்ஸுக்கும் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்: இந்த முகவரியில் எங்கள் மூலநிரல் இருக்கிறது, அவ்வளவுதான். அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், தகவல் சொன்னால் போதும். 2021 மார்ச்சில் அதையும் தளர்த்திவிட்டார்கள். இப்போது ஏ.இ.எஸ்., டி.எல்.எஸ். போன்ற ஊரறிந்த குறியாக்க முறைகளைப் பயன்படுத்தும் வெளியிட்ட நிரலுக்கு மின்னஞ்சலே வேண்டாம். எந்தத் தர அமைப்பும் ஏற்காத, எங்கும் வெளியாகாத முறையை வைத்திருப்பவர்தான் இன்னும் எழுத வேண்டும். மூலநிரல் இப்படி விடுபட்டால் அதிலிருந்து தொகுத்த, கணினியில் ஓடும் இருமக் கோப்புக்கும் அதே நிலைதான், அதுவும் பொதுவில் கிடைக்கிற வரைக்கும்.

ஆக உங்கள் டெபியனை நீக்க வேண்டாம்.

கடைசி_கமிட்:

அப்பாடா. அப்படியென்றால் லேப்டாப்?

விதி734:

லேப்டாப் திறந்த மூலம் இல்லையே! வன்பொருள் விதிகளுக்கு உட்பட்டதுதான். ஆனால் கடையில் யாரும் வாங்கும் சாதாரணக் கருவி பெரும்பாலான நாடுகளுக்கு உரிமம் இல்லாமல் போகலாம். ஜெர்மனி பற்றிக் கவலையே இல்லை. தடை உள்ள நாடுகளுக்குப் போகும்போதுதான் விலக்குகளைத் தேட வேண்டிவரும். சொந்தக் கருவியென்றால் பயணப் பை விலக்கு, அலுவலகக் கருவியென்றால் தற்காலிக ஏற்றுமதி விலக்கு. பிந்தையதில் கருவி உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும்.

இறங்கும் நாட்டின் சட்டம் தனி. குறியாக்கத்தை இறக்குமதி செய்யவும் பயன்படுத்தவும் விதி வைத்திருக்கும் நாடுகள் உண்டு. சீனாவில் 2020 ஜனவரி 1 முதல் தனிக் குறியாக்கச் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. பொதுமக்கள் பயன்படுத்தும் சாதாரணப் பொருள்களை அது இறக்குமதி உரிமத்திலிருந்து விட்டுவிடுகிறது. எங்கே போனாலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய_மோடம்:

சின்னவர்கள் இதைப் படித்துவிட்டு இவ்வளவுதானா என்று நினைக்கலாம். தொண்ணூறுகளில் இது விளையாட்டாக இல்லை.

அப்போது குறியாக்க மென்பொருள் அமெரிக்கச் சட்டப்படி ஆயுதப் பட்டியலில் இருந்தது. பீரங்கியும் ஏவுகணையும் இருக்கும் அதே பட்டியல். பில் சிம்மர்மன் 1991-ல் பி.ஜி.பி. என்ற குறியாக்க மென்பொருளை வெளியிட்டார், அது இணையம் வழியாக நாடு தாண்டிப் போய்விட்டது. 1993-ல் அவர் மீது குற்றவியல் விசாரணை தொடங்கியது. 1996 ஜனவரி வரை இழுத்து, வழக்கே போடாமல் கைவிட்டார்கள். மூன்று வருடம் ஒரு மனிதர் தலைக்கு மேல் கத்தி தொங்கியது.

இதில் எனக்குப் பிடித்த கூத்து புத்தகங்கள்தான். ப்ரூஸ் ஷ்னையர் எழுதிய குறியாக்க நூலின் பின்னிணைப்பில் மூலநிரல் அச்சாகி இருந்தது. ஃபில் கார்ன் என்ற பொறியாளர் 1994-ல் அரசிடம் கேட்டார்: இந்தப் புத்தகத்தை ஏற்றுமதி செய்யலாமா? தாராளமாக என்றார்கள். அதே நிரலை ஃப்ளாப்பியில் போட்டு அனுப்பலாமா? கூடாது, அது ஆயுதம். ஒரே எழுத்து, ஒரே நிரல். காகிதத்தில் இருந்தால் பேச்சு, காந்தத் தகட்டில் இருந்தால் வெடிகுண்டு.

பி.ஜி.பி. ஆட்கள் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். 1997-ல் 5-ஆம் பதிப்பின் மூலநிரல் முழுவதையும் புத்தகங்களாக அச்சடித்தார்கள், 6000 பக்கங்களுக்கு மேல். அவை சட்டப்படி ஐரோப்பாவுக்குப் போயின. அங்கே தன்னார்வலர்கள் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து நிரலைத் திரும்ப எடுத்தார்கள். ஸ்கேனர் எழுத்தைத் தப்பாகப் படித்தால் கண்டுபிடிக்க ஒவ்வொரு வரிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்தே அச்சிட்டிருந்தார்கள். கடைசி_கமிட், இதோடு ஒப்பிட்டால் உங்கள் லேப்டாப் பிரச்சினை பொறாமைப்படும் அளவுக்குச் சின்னது.

ஆர்.எஸ்.ஏ. என்ற குறியாக்க முறையைப் பெர்ல் நிரல்மொழியில் சில வரிகளில் எழுதி டி-சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்ததும் அந்தக் காலம்தான். சட்டையோடு விமானம் ஏறினால் ஆயுதக் கடத்தல் என்பது நக்கல், ஆனால் சட்டத்தின் எழுத்துப்படி அது முழுக்க நக்கலும் அல்ல.

பேட்ச்_மீனா:

மோடம் ஐயா, அந்தக் கட்டுப்பாடு மாறியது நீதிமன்றத்தால்தானே? பெர்ன்ஸ்டைன் வழக்கு என்று படித்திருக்கிறேன்.

பழைய_மோடம்:

அதுவும் ஒரு காரணம், ஆனால் கதையை அங்கேயே முடிப்பவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். டேனியல் பெர்ன்ஸ்டைன் மாணவராக இருந்தபோது 1995-ல் வழக்குப் போட்டார். மூலநிரலும் பேச்சுதான் என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. 1999-ல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது. ஆனால் அந்தத் தீர்ப்பைப் பெரிய அமர்வின் மறுவிசாரணைக்காக விலக்கிக்கொண்டார்கள். பலருக்கு இது தெரியாது. 2000-ல் ஆறாம் வட்டார நீதிமன்றம் யங்கர் வழக்கில் சொன்னதுதான் நின்றது: மூலநிரலுக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு.

இதற்கிடையில் 1996 இறுதியில் குறியாக்கத்தை ஆயுதப் பட்டியலிலிருந்து எடுத்து வணிகத்துறைக்கு மாற்றிவிட்டார்கள். 2000 ஜனவரியில் திறந்த மூலநிரலுக்கு அந்த மின்னஞ்சல் வழியைத் திறந்தார்கள். இணைய வணிகத்துக்குக் குறியாக்கம் வேண்டும், வெளிநாட்டுக்காரர்கள் அதை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், நம் நிறுவனங்களுக்குத்தான் நட்டம் என்ற கணக்கும் இதில் பெரிய பங்கு வகித்தது.

அந்தக் கடைசிக் காரணத்துக்கு நல்ல சாட்சி ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரல் நூலகம். அதன் தாய் எஸ்.எஸ்.எல்.இ.ஏ.ஒய். ஆஸ்திரேலியாவில் எழுதப்பட்டது. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டம் கனடாவில் உட்கார்ந்து குறியாக்கத்தைத் தைரியமாகச் சேர்த்தது. அவர்களுடைய 1999 நிரல் கூட்டம் கனடாவின் கேல்கரியில் நடந்ததற்கு அமெரிக்க விதியே காரணம். டெபியனுக்கு அமெரிக்காவுக்கு வெளியே தனிக் களஞ்சியம் இருந்தது. 2002-ல் வூடி என்ற டெபியன் பதிப்பு வந்தபோதுதான் குறியாக்கம் முதன்மைக் களஞ்சியத்துக்குள் வந்தது. அதுவரை நிறுவும்போது இரண்டு முகவரி கொடுக்க வேண்டும், அந்த வரி இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

நிரலி:

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைய விதி வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்ன பலவீனமான சாவிகள் உள்நாட்டுக்காரர்களையே திரும்ப வந்து கடித்தன. நெட்ஸ்கேப் உலாவியின் வெளிநாட்டுப் பதிப்பில் 40 பிட் சாவி. 1995-லேயே ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் சுமார் எட்டு நாளில் ஒன்றை உடைத்தார். சரி, அது போனது என்று நினைத்தோம். ஆனால் ஏற்றுமதித் தரச் சாவிகளுக்கான நிரலை நிரல் நூலகங்களிலிருந்து யாரும் எடுக்கவில்லை. 2015 மார்ச்சில் ஃப்ரீக், மே மாதம் லாக்ஜாம். இரண்டும் நடுவில் புகுந்து, இணைப்பை அந்தப் பழைய 512 பிட் நிலைக்கு (இது பொதுச் சாவியின் அளவு, மேலே சொன்ன 40 பிட் வேறு வகைச் சாவி) இறக்கித் தாக்கும் வழிகள். விதி தளர்ந்து பதினைந்து வருடம் கழித்து, அதன் மிச்சத்துக்காக உலகம் முழுக்க சர்வர்களுக்குப் பேட்ச் போட்டோம். அந்த வாரம் நான் தூங்கவில்லை.

எல்லையில்லான்:

பார்த்தீர்களா! கட்டுப்பாடு முட்டாள்தனம் என்று நான் சொன்னதைத்தான் எல்லோரும் நீட்டிச் சொல்கிறீர்கள். கோட் பொதுவில் இருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நிரலி:

கோடை ஒன்றும் செய்ய முடியாது. ஆட்களைச் செய்ய முடியுமே. 2024 அக்டோபரில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யத் தொடர்புள்ள ஏறக்குறைய ஒரு டஜன் பேரை ஒரே பேட்சில் எடுத்தார்கள். காரணமாகச் சொன்னது இணக்கத் தேவைகள் என்று ஒற்றை வரி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் திரும்பச் சேர்க்க மறுத்துவிட்டார். அவர்கள் எழுதிய நிரல் இன்னும் நம் எல்லோருடைய கருவியிலும் ஓடுகிறது. பெயர்தான் இல்லை.

வருடக்கணக்காக இலவசமாக உழைத்தவருக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். சட்டம் கட்டாயப்படுத்தியது என்றே வைத்துக்கொள்வோம், மரியாதையைச் சட்டம் தடுக்கவில்லையே.

விதி734:

வருத்தம் நியாயம். ஆனால் இங்கே இரண்டு சட்டங்கள் கலக்கின்றன, பிரித்துப் பார்த்தால்தான் தெளியும்.

நான் இதுவரை சொன்னது ஏற்றுமதிக் கட்டுப்பாடு. அது கேட்பது: என்ன பொருள், எங்கே போகிறது? கெர்னலில் நடந்தது பொருளாதாரத் தடை. அது கருவூலத் துறையின் ஒஃபாக் அலுவலகத்தின் வேலை. அது கேட்பது: யாரோடு உறவு வைத்திருக்கிறாய்? தடைப்பட்டியலில் உள்ள நிறுவனத்தில் அவர் வேலை செய்தால், அவரோடு சேர்ந்து வேலை செய்வதே சேவையாகக் கருதப்படலாம். நிரல் வெளியிடப்பட்டது என்ற கேடயம் அங்கே நிரலை மட்டும்தான் காக்கும். பிறகு கெர்னல் தரப்பில் ஒருவர் கொடுத்த விளக்கமும் இதுதான்: தடைப்பட்டியலில் உள்ள நிறுவனங்களின் ஆட்கள் பராமரிப்பாளர் பட்டியலில் இருக்க முடியாது.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2019 ஜூலையில் செய்ததைப் பாருங்கள். ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் தனி ரெப்போக்களும் (நிரல் களஞ்சியங்கள்) கட்டணச் சேவைகளும் அடைபட்டன. பொது ரெப்போக்கள் திறந்தே இருந்தன. கோடு எங்கே விழுந்தது என்று இதிலேயே தெரிகிறது. ஈரானுக்கு 2021 ஜனவரியில் ஒஃபாக் உரிமம் வாங்கி மறுபடி எல்லாவற்றையும் திறந்தார்கள்.

ஹுவாவே இன்னும் தெளிவான உதாரணம். 2019 மே மாதம் அதை வணிகத்துறையின் நிறுவனப் பட்டியலில், அதாவது ஏற்றுமதிக்கு உரிமம் தேவைப்படும் நிறுவனங்களின் பட்டியலில், சேர்த்தார்கள். அதன் பிறகு வந்த புதிய ஃபோன்களில் கூகுளின் கடையும் வரைபடமும் இல்லை, ஏனென்றால் அவை மூடிய மென்பொருள், உரிமம் போட்டுத்தான் தர முடியும். ஆனால் ஆண்ட்ராய்டின் திறந்த அடித்தளம் அவர்களிடமே இருந்தது. அதை யாரும் பறிக்கவில்லை, பறிக்கவும் வழியில்லை.

பேட்ச்_மீனா:

எனக்கு இதில் உறுத்தும் இடம் வேறு. நான் ஒரு சின்னத் திட்டத்தின் பாதுகாப்புக் குழுவில் இருக்கிறேன். ஓட்டை ஒன்று கண்டுபிடித்தால் பேட்ச் தயாராகும்வரை மூடிய அஞ்சல் பட்டியலில் பேசுவோம். அதில் நாலைந்து நாட்டு ஆட்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டு வாரம் அந்தப் பேட்ச் வெளியிடப்பட்டதும் இல்லை, மூடிய வணிக மென்பொருளும் இல்லை. அப்போது நாங்கள் எதற்கு உட்பட்டவர்கள்?

விதி734:

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். சட்டத்தின் பாதுகாப்பு மொத்தமும் "வெளியிடப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லில் தொங்குகிறது. மூடிய அறையில் சிலருக்குள் சுற்றும் நிரல் அந்த நேரத்தில் வெளியிடப்பட்டதல்ல. அது சாதாரணப் பிழைத்திருத்தமென்றால் பெரும்பாலும் கட்டுப்பாட்டு வகை எதிலும் விழாது. ஆனால் குறியாக்கப் பகுதியையே தொட்டால், பட்டியலில் இருப்பவர் பட்டியலிட்ட நிறுவனத்துக்காரராக இருந்தால், கவனிக்கத்தான் வேண்டும். லினக்ஸ் அறக்கட்டளை 2020-ல் வெளியிட்ட வெள்ளை அறிக்கையும் விவாதங்களை முடிந்தவரை பொதுவில் நடத்துங்கள் என்ற திசையில்தான் போகிறது. உங்கள் இடத்தில் நானாக இருந்தால் மூடிய காலத்தைக் குறைப்பேன், பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று எழுதி வைப்பேன்.

பேட்ச்_மீனா:

எழுதி வைப்பது சரி. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்து யாரையாவது முன்னெச்சரிக்கையாக வெளியேற்றச் சொல்வார்களோ என்றுதான் பயம். 2019-ல் பொறியாளர் சங்கமான ஐ.இ.இ.இ., ஹுவாவே ஊழியர்கள் ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடக்கூடாது என்றது. எதிர்ப்பு வந்தது, வணிகத்துறையிடம் விளக்கம் கேட்டது, சில நாளிலேயே தடையை விலக்கிக்கொண்டது. சட்டம் கேட்காததை முதலில் இவர்களே கொடுத்துவிட்டார்கள். கடைசி_கமிட்டின் அலுவலகமும் இதே ரகம்.

கெர்னல்_கிறுக்கன்:

உரிமத்திலேயே எழுதிவிட்டால் என்ன? இன்னின்ன நாட்டவர் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு வரி. நம் தலை தப்புமே?

நிரலி:

எழுதினால் அது திறந்த மூல உரிமமே இல்லை. திறந்த மூல வரையறையின் 5-ஆவது விதி எந்த மனிதரையும் குழுவையும் ஒதுக்கக்கூடாது என்கிறது. அதன் விளக்கக் குறிப்பு ஏற்றுமதிச் சட்டத்தைப் பெயர் சொல்லியே பேசுகிறது: சட்டம் இருக்கிறது, கடைப்பிடியுங்கள் என்று உரிமம் நினைவூட்டலாம், அந்தக் கட்டுப்பாட்டை உரிமமே சேர்த்துக்கொள்ளக்கூடாது. தவிர, ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தில் வரும் நிரலோடு அப்படி ஒரு வரியைச் சேர்த்தால், சேர்த்தவரே மீறியவர் ஆவார்.

கெர்னல்_கிறுக்கன்:

சரி, விட்டுவிடுகிறேன்.

இப்படி நாடு மாறிப் போவதும் ஒரு வழியோ? ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த சில்லு வடிவமைப்பைப் பராமரிக்கும் அமைப்பு 2020-ல் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டதே.

பழைய_மோடம்:

கேல்கரியின் நவீனப் பதிப்பு. ஆனால் அமைப்பின் முகவரி மாறினால் அதில் வேலை செய்யும் அமெரிக்க நிறுவனங்களின் கடமை மாறாது. தவிர இது அமெரிக்கா மட்டும் செய்வதில்லை. வாசனார் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு உடன்பாட்டில் 42 நாடுகள் இருக்கின்றன, குறியாக்கமும் அதன் பட்டியலில் உண்டு. நல்லவேளை, பொதுவெளியில் இருக்கும் மென்பொருளை அந்தப் பட்டியலின் பொதுக் குறிப்பும் விலக்கி வைக்கிறது.

எல்லையில்லான்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். முதலில் சொன்னதை அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. ஒரு கேள்வி. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளின் எடைகளுக்கும் (பயிற்சியில் கிடைக்கும் எண்கள்) இதே கதைதானா?

விதி734:

இதுவரை இதே கதைதான். 2025 ஜனவரியில் கொண்டுவந்த விதி மிகப் பெரிய மாதிரிகளின் எடைகளை முதல்முறையாகக் கட்டுப்பாட்டுக்குள் இழுத்தது. அதிலும் வெளியிடப்பட்ட எடைகளை விட்டுவிட்டார்கள். மே மாதம் அந்த விதியையே திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அடுத்து எழுதப்படும் விதி அந்த ஒற்றைச் சொல்லைத் தொடுமா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசி_கமிட்:

இழையை முழுக்கப் படித்தேன், எல்லோருக்கும் நன்றி. 734.7, 742.15 இரண்டையும் குறிப்பிட்டு சட்டப் பிரிவுக்கு எழுதினேன். இன்று பதில் வந்தது: டெபியனை எடுத்துப்போகலாம்.

ஆனால் கூடவே ஒரு கேள்வி கேட்டார்கள்: லேப்டாப்பில் இன்னும் வெளியிடாத எங்கள் தயாரிப்பின் நிரல் கிளை இருக்கிறதா? இருந்தது. அதில் நாங்களே எழுதிய சாவிப் பரிமாற்ற முறையும் இருந்தது, எங்கும் வெளியாகாதது. இத்தனை நாள் பொது மென்பொருளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் கேட்க வேண்டிய கோப்புறை வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதை அலுவலக சர்வரிலேயே விட்டுவிட்டு, லேப்டாப்பில் அழித்துவிட்டேன். மாநாட்டுப் பேச்சுக்கு அது தேவையும் இல்லை.

விதி734:

ஜெர்மனியிலிருந்து அதை இழுத்துப் பார்க்காதீர்கள். அதுவும் ஏற்றுமதிதான்.